புதுப்பிப்பு: ஆர்ச்மேஜின் தாங்குதிறன்

வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் விளையாட்டில் 450 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்கும் மந்திரவாதி நாயகன் ஆர்ச்மேஜ், 650 உடைய இன்னொரு நாயகனான பாலடினைவிட மிக எளிதில் வீழ்கிறான் என்றும், அந்த விளையாட்டுக்கு நாங்கள் உருவாக்கிவரும் வரைபடத்தில் (போர்க்களத்தில்) அவனது வலிமையை 14இலிருந்து 20ஆக உயர்த்தப்போகிறேன் என்றும் முன்பு எழுதியிருந்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றதால், மண்டபம் ஊர் நண்பர்கள் இரவுதோறும் கூடி அதைச் சோதித்தோம். என் கணிப்பு தவறு. வலிமைப் புள்ளி ஒன்றுக்கு 25 வீதம் 150 உயிர்ப்புள்ளிகள் கூடியதும், பின்னால் நின்று படை நடத்த வேண்டியவன் முன்வரிசைக்கு வந்துவிட்டான். காலாட்படைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆகவே வலிமையைப் பழையபடி இறக்கி, கவசத்தில் மட்டும் 2 புள்ளிகள் சேர்த்திருக்கிறேன். கவசப் புள்ளி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல் உயிருக்கு ஈடாகும். ஆனால் அது மந்திரங்கள் ஏற்படுத்தும் சேதத்தைத் தடுக்காது என்பதால், மந்திரவாதி நாயகனுக்குரிய பலவீனம் அவனிடமே தங்குகிறது, அதையே நான் விரும்பினேன்.