புதுப்பிப்பு: புள்ளி சமமாகியும் தோற்ற குமித்தே (கராத்தேயில் இருவர் மோதும் சண்டை) ஆட்டங்கள்

உதவிய எல்லோருக்கும் நன்றி. வெள்ளவத்தையில் பழகும் எங்கள் கராத்தே பிள்ளைகள், புள்ளி சமமாக முடிந்தும் ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். 'சென்ஷுவைப் பாருங்கள்' என்று ஒரு அண்ணா சொன்னதுதான் சரி. உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி, சமநிலையில் முடிந்தால், எதிராளி அதே நேரத்தில் புள்ளி எடுக்காமல் முதல் புள்ளியை எடுத்தவருக்கே வெற்றி. அந்த முன்னுரிமைதான் சென்ஷு.

மூன்று கிழமையாக முதல் குத்தை முந்திப் போடுவதையே பழகினோம். ஞாயிறு கொழும்பில் நடந்த சிறிய போட்டியில் இரண்டு ஆட்டங்கள் 2-2. இரண்டிலும் முந்தியது எங்கள் பிள்ளைகள்தான். ஒன்றில் வென்றோம்.

மற்றதில் எதிர்பாராதது நடந்தது. கடைசி 15 வினாடிக்குள் எங்கள் பொடியன் பின்வாங்கிக்கொண்டே போக, சண்டையைத் தவிர்த்ததாக எச்சரிக்கை, சென்ஷுவும் போய்விட்டது. நடுவர்களின் வாக்கில் எதிராளி வென்றார். அழுதுவிட்டான், பாவம். இப்போது கடைசி 15 வினாடியை முன்னேறியபடியே முடிக்கப் பழகுகிறோம்.