‘ஃபிரேம்’ என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

தஞ்சாவூரிலிருந்து, ஞாயிறு இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரோடு ஞாயிறுதோறும் ஒளிப்படம் எடுத்து வருகிறேன். இரண்டு பேருக்கு ஒரு பழைய கைப்பேசி. ஒருவர் எடுக்கும்போது மற்றவர் கூட நின்று பார்க்க வேண்டும். ஆளுக்குப் பத்துப் படம்தான், அதற்கு மேல் கிடையாது. அவர்கள் எதை எடுக்கிறார்களோ அதையே பக்கத்தில் நின்று நானும் ஒரு படம் எடுப்பேன். பிறகு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்போம். பாடம் என்று தனியாக எதுவும் நடத்துவதில்லை.

இதை வைத்து 16 பக்கத்தில் ஒரு பயிற்சிச் சிற்றேடு போடுகிறோம். வெள்ளி மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறேன். அங்கே ‘ஃபிரேம்’ வருகிறது, படத்துக்குள் எது வரும் என்று வகுக்கிற எல்லை.

செயலில் இது சுலபம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலத்துக்கு ஓர் ஓட்டை வெட்டிக் கொடுக்கிறேன். கண்ணுக்கு அருகே பிடித்தால் தென்னந்தோப்பு முழுக்கத் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரே ஒரு மரம். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் ‘ஃபிரேம்’ என்றதும் ஒரு சிறுமி கேட்டாள்: “தாத்தா செத்தப்ப மாலை போட்டு மாட்டுனாங்களே, அதுவா டீச்சர்?” அதன் பிறகு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயர்ச்சொல்லும் வேண்டும், வினைச்சொல்லும் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை வாயில் நுழைய வேண்டும்.

ஈரோட்டிலிருந்து, திங்கள் காலை

அம்மா, வணக்கம். ‘ஒளிப்படம்’ என்று எழுதினீர்கள், மகிழ்ச்சி. ‘புகைப்படம்’ என்கிறார்களே, புகைக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவன் நான்.

உங்கள் கேள்விக்கு விடை கையிலேயே இருக்கிறது: சட்டகம். தச்சர் சொல்லும் மரச்சட்டமும் இதே குடும்பம்தான். அகராதியில் சட்டகத்துக்கு வடிவு, உடல், படுக்கை என்றெல்லாம் பொருள் காண்பீர்கள். ஒன்றைத் தாங்கி வடிவு கொடுப்பது என்பது இவற்றுக்கெல்லாம் பொது. வினை வேண்டுமானால் ‘சட்டகமிடு’. ஐயப்பட ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து, திங்கள் மதியம்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் சட்டகத்தை மென்பொருள் தமிழாக்கத்தில் வேறொன்றுக்கு எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே அது ‘ஃபிரேம்வொர்க்’. அது போகட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘சட்டகமிடு’ என்று சொல்லிப் பார்க்கட்டும், நாக்கு எங்கே தட்டுகிறது என்று தெரியும்.

‘கட்டம்’ போதும். கட்டம் போட்ட நோட்டு, கட்டம் போட்ட சட்டை, பரமபதக் கட்டம், ஜாதகக் கட்டம் என்று வீட்டில் தினமும் புழங்குகிற சொல். எல்லாவற்றுக்கும் மேல் பாண்டி ஆட்டம் இருக்கிறது. சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு நொண்டி அடிக்கிற பிள்ளைக்கு, கோட்டை மிதித்தால் அவுட் என்று தெரியும். உள்ளே எது, வெளியே எது, கோடு எது என்று நாம் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

இன்னொன்று, டீச்சர். 36 × 24 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு உங்கள் மூன்றுக்கு இரண்டு அட்டை சரி. கைப்பேசிக் கேமராவின் படம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று. அட்டையில் பார்ப்பதும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் ஓட்டையை அந்த அளவுக்கு வெட்டுங்கள்.

ஈரோட்டிலிருந்து, திங்கள் மாலை

தம்பி, ‘கட்டம் கட்டுதல்’ என்றால் பத்திரிகைத் தமிழில் என்ன பொருள்? ஒருவரைக் குறிவைத்து ஓரங்கட்டுவது. வினைக்கு அதையா கொடுக்கப் போகிறீர்கள்? பழந்தமிழில் ‘கட்டம்’ துன்பத்தையும் குறிக்கும். கஷ்டம் என்ற வடசொல் அப்படித் தமிழுருக் கொண்டது. இரு சொற்களும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. கலைச்சொல்லில் இந்த மயக்கம் ஆகாது.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கம். நானும் சின்னப் பிள்ளையளோட கமராவும் கையுமாய்த் திரிகிறவள். அதனால் ரீச்சருக்கு எழுத விருப்பம் வந்தது.

எங்கட பக்கம் வயலைப் பிரிக்கிற மண் அணைக்கு வரம்பு என்றுதான் சொல்லுவம். நீங்கள் வரப்பு என்பீர்கள். ஔவை வாழ்த்தினதும் வரப்பைத்தானே! நாற்புறமும் வரம்பு கட்டினால்தான் வயலுக்குள் தண்ணி நிற்கும். படமும் அப்படித்தான். நாலு பக்கமும் ஓர் எல்லை இருந்தால்தான் உள்ளே ஏதாவது தங்கும். தஞ்சாவூர்ப் பிள்ளையளுக்கு இது கண்முன்னே கிடக்கிற பொருள். ‘வரம்பு கட்டு’ என்று சொல்லிப் பாருங்கோ.

இன்னும் ஒரு சங்கதி. ‘வரை’ என்ற வினைக்குத் தமிழில் இரண்டு வேலை இருக்கு. படம் வரை என்பதும் அதுதான், எல்லை கட்டு என்பதும் அதுதான். கோடு இழுக்கிறதும் ஓரிடத்தில் நிறுத்துகிறதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கும்போது வேறெங்கே போய்த் தேடுவது?

ஈரோட்டிலிருந்து, செவ்வாய் மதியம்

யாழ்ப்பாணத்து அம்மையாரின் மடல் கண்டு நெஞ்சு நிறைந்தது. ‘வரை’யை விடக்கூடாது. வரையறை, வரையாது கொடுத்தல் எல்லாம் எல்லைப் பொருளில் வந்தவை. அகத்திணையில் ‘வரைவு கடாதல்’ என்னும்போது அதே சொல் மணத்தைக் குறிக்கிறது. இவன் எனக்கு, இவள் உனக்கு என்று எல்லை கட்டுவதுதானே மணம்! மலைக்கும் வரை என்று பெயர். நாட்டின் எல்லையாக மலை நின்றதால் வந்த பெயர் என்று நான் கருதுகிறேன். மூங்கிலுக்கும் வரை என்ற பெயர் உண்டு. மலையில் வளர்வதால் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மூங்கிலின் கணுவைப் பாருங்கள், ஒவ்வொரு கணுவும் ஓர் எல்லைக் கோடு.

சன்னலை நினைத்தாலும் இதே வியப்புதான். சன்னல் போர்த்துக்கீசியரோடு வந்த சொல். அதற்கு முன்பே சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அதே காப்பியத்தில் ‘சாளரக் குறுங்கண்’ணும் வருகிறது. பலகணி என்பதிலும் கண்தான் இருக்கிறது. பார்ப்பதற்கான ஒரு திறப்பைக் கண் என்றே அழைத்த மொழி இது. அந்த அட்டை ஓட்டைக்கு ‘குறுங்கண்’ என்று பெயர் வைத்தால் என்ன?

சென்னையிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, காலதரைப் படித்து ரசித்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

வரப்புக்கும் ஒரு கேள்வி உண்டு. சிற்றேடு திருவையாற்றோடு நிற்காது. பெரம்பூரில், அண்ணா நகரில் இருக்கிற பிள்ளை வரப்பை எங்கே பார்த்தது? விளக்குவதற்கு இன்னொரு சொல் வேண்டுமானால் அந்தச் சொல்லையே வைத்துவிடலாமே.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, வரம்பைக் காணாத பிள்ளைக்கு ‘வரம்பு மீறாதே’ என்றால் விளங்காதா? வயலை விட்டு வெளியே வந்தும் உயிரோடு இருக்கிற சொல் இது.

மதுரையிலிருந்து, புதன் காலை

சொல் என்னிடம் இல்லை. தஞ்சாவூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

1858இல் லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை எடுக்க வந்தபோது, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அது ஒரு படத்துக்குள் அடங்காது என்று ஆனது. 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக அது நிற்கிறது.

உங்கள் பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போய், அதே கல்வெட்டுக்கு முன்னால் அட்டையோடு நிறுத்துங்கள். எழுத்தும் தெரிய வேண்டும், முழுச் சுவரும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று அவர்களே யோசிக்கட்டும். அங்கே எந்தச் சொல் அவர்கள் வாயில் வருகிறதோ அதுதான் சொல்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. பெரிய கோயிலுக்குப் போக இந்த வாரம் முடியாது, அடுத்த மாதம் கட்டாயம் போகிறோம். அட்டையை நான்குக்கு மூன்றாக வெட்டிவிட்டேன். இன்று பள்ளி விட்டதும் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பெண்குழந்தை தன் வீட்டு வாசலில் பாட்டியைப் படம் எடுத்தாள். பாட்டி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் எடுத்த படத்தில் பாட்டி முழுதாக இருக்கிறார், பின்னால் திண்ணை, கொடியில் துணி. அவள் படத்தில் முறத்தின் பாதியும் பாட்டியின் இரண்டு கால்களும்தான். வெடித்த குதிகால், தேய்ந்த மெட்டி, பக்கத்தில் சிந்திய நாலு உளுந்து. “பாட்டி தலை எங்கடா?” என்றேன். அவள் யோசிக்காமல் திரையில் முறத்தின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். “இதுவரைக்கும்தான் டீச்சர். மேல வேணாம். பாட்டிக்கு ராத்திரியெல்லாம் கால்தான் வலிக்குது.”

என் படம் எனக்கே பிடிக்காமல் போயிற்று.

திரும்பும்போது பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தது இது: “ஆட்டை உள்ள வை”, “போஸ்டு மரத்தை வெளிய விடு”. நான்கு பேரும் இதையே சொன்னார்கள். பெயர்ச்சொல்லே இல்லாமல் வேலை நடக்கிறது. ஐயா தப்பாக நினைக்கக்கூடாது. பெயர்ச்சொல்லை நாம் பெரியவர்கள் தேடிக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்கு வேண்டியது வினை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் நின்று காதோடு சொல்லக்கூடிய வினை. கையில் கைப்பேசியோடு நிற்கிற பிள்ளையிடம் ‘சட்டகமிடு’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லிப் பார்த்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தான், படத்தை விட்டுவிட்டான்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் காலை

ரீச்சர், அந்தப் பிள்ளை சொன்னதைத் திரும்ப வாசியுங்கோ. ‘இதுவரைக்கும்தான்.’ வரை! நாங்கள் மூன்று நாளாய்த் தோண்டினதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சென்னையிலிருந்து, வியாழன் மதியம்

அக்கா, அவள் ‘வரம்பு’ என்று சொல்லவில்லையே. ‘வரைக்கும்’ என்றுதானே சொன்னாள். அது எல்லாப் பிள்ளையும் தினம் நூறு முறை சொல்கிற உருபு.

டீச்சர் சொன்ன ‘உள்ளே வை, வெளியே விடு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தலைப்பாக ‘உள்ளே வெளியே’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். காசு வைத்து ஆடும் சீட்டாட்டத்துக்கு அந்தப் பெயர் உண்டு. பெற்றோர் யாராவது கேட்பார்கள். வினையை அப்படியே வைத்து, பெயருக்குக் ‘கட்டம்’ போடுங்கள். இதுவரை எழுதியவர்களில் தனி மடலில் சொன்னவர்களையும் சேர்த்தால் கட்டத்துக்கு நால்வர், வரம்புக்கு இருவர், சட்டகத்துக்கு ஐயா ஒருவர்.

ஈரோட்டிலிருந்து, வியாழன் இரவு

சொல்லைத் தலை எண்ணித் தேர்வு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. எளிமை என்ற பெயரில் இருக்கிற சொற்களையே எல்லாவற்றுக்கும் போட்டு அடைத்தால், இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிக் கல்லூரியில் படிக்கும்போது கட்டம், கட்டமைப்பு, காலகட்டம், கடைசிக் கட்டம் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். அன்றைக்குத் துல்லியமாகச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று ஆங்கிலத்துக்குப் போவார்கள். அதை என் காலத்திலேயே நிறையப் பார்த்துவிட்டேன். எட்டு வயதில் ஒரு கடினமான சொல்லைக் கற்றுக்கொள்வது பிள்ளைகளுக்குச் சுமை என்று நான் நம்பவில்லை. ‘டைரனோசரஸ்’ என்று சொல்கிற வாய்க்குச் ‘சட்டகம்’ வராதா?

அந்த உளுந்துப் படத்தை முடிந்தால் எனக்கு அனுப்புங்கள், அம்மா. பாட்டியின் ஒப்புதல் கேட்டுக்கொண்டு.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி மாலை

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் பக்கம் இப்படி வந்திருக்கிறது:

“அட்டையின் ஓட்டை வழியாகப் பார். அதுதான் உன் படத்தின் கட்டம். எது வேண்டுமோ உள்ளே வை. எது வேண்டாமோ வெளியே விடு. எதுவரைக்கும் வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். கட்டத்தின் நான்கு ஓரமும் வயலுக்கு வரப்பு மாதிரி. எடுக்கும் முன் ஒரு முறை வரப்பைச் சுற்றி வா.”

ஓரங்களைச் சுற்றிக் கண்ணை ஓட்டச் சொல்வதற்கு ‘வரப்பைச் சுற்றி வா’ அழகாகப் பொருந்தியது. அக்காவுக்கு நன்றி. ஆசிரியர்களுக்கான கடைசிப் பக்கத்தில் ‘சட்டகம்’ சேர்த்திருக்கிறேன், ஐயா. பாட்டி சம்மதித்துவிட்டார், படம் தனி மடலில் வருகிறது.

அடுத்த சிற்றேட்டுக்கு ‘ஃபோகஸ்’ காத்திருக்கிறது. பாடநூலில் குவியம் இருக்கிறது. பிள்ளைகள் இப்போதைக்கு “தெளிய வை” என்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து, வெள்ளி இரவு

படம் கிடைத்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் இடம் கொடுத்ததற்கு நன்றி. இரண்டாம் பதிப்பு வரும்போது சட்டகத்தை மூன்றாம் பக்கத்துக்குக் கொண்டுவரக் கேட்பேன். ‘தெளிய வை’யை விட்டுவிடாதீர்கள். கலங்கிய நீர் தெளிவதும் அதே தெளிவுதான். இதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி இரவு

நான் என்ர பிள்ளையளுக்கு வரம்பு என்றுதான் சொல்லிக்கொடுக்கப் போறன்.