புதுப்பிப்பு: ஃபார்ச்சூனரின் மூன்றாம் வரிசை

டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசல் ஆட்டோமேட்டிக் பற்றிய என் முந்தைய பதிவில், ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது போதுமா என்று சிலர் கேட்டிருந்தனர். கொல்லிமலைக்குச் சென்றுவந்த பின் எழுதுகிறேன்.

எஞ்சினின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரங்களைச் சுழற்றும் விசை), வண்டி நிறைய ஆட்கள் இருந்தும், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் திணறாமல் ஏற்றிவிட்டது. ஏணிச்சட்டத்தின் (ஏணி வடிவில் அமைந்த தனி இரும்பு அடிச்சட்டம்) மேல் அமைந்த வண்டி என்பதால் கரடுமுரடான மண்பாதையில் அதன் உறுதி நன்கு தெரிகிறது. ஆனால் வேகத்தடைகளில் பின்னால் இருப்பவர்கள் குலுங்குவதற்கும் அந்த அமைப்பே பெரும் காரணம்.

எனக்கு மனம் ஒவ்வாதது மூன்றாம் வரிசைதான்: வண்டியின் உட்தரை உயரமாக இருப்பதால் பெரியவர்கள் முழங்காலை உயர்த்தியே அமர வேண்டியிருக்கிறது, மடித்தாலோ, இருக்கைகள் தரைக்குள் அடங்காமல் இருபுறமும் தொங்கிப் பெட்டிகளுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே பிள்ளைகள் அமர்வதானால் தாராளமாக வாங்கலாம். பெரியவர்களே எழுவர் என்றால், அதுவும் தார்ச்சாலைப் பயணமே மிகுதி என்றால், ஏணிச்சட்டம் இல்லாத டொயோட்டா இன்னோவா ஹைகிராஸையே பரிந்துரைப்பேன்.