எக்செல் யூனிட் எண்ணைத் தேதியாக மாற்றிவிடுகிறது, எப்படித் தடுப்பது?

மல்லிகைக்கொடி:
வணக்கம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கத்து வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை அரிசி, எண்ணெய், மைலோ கொண்டுபோய்க் கொடுக்கும் சிறிய தொண்டூழியர் குழு எங்களுடையது. முகவரிகள் இணையப் படிவத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வருகின்றன. எக்செலில் திறந்தால் 10-05 என்ற யூனிட் (பத்தாம் மாடி, 05ஆம் வீடு) 10-மே ஆகிவிடுகிறது. அஞ்சல் குறியீட்டின் முதல் சுழியமும் போய், ஐந்து இலக்கம்தான் நிற்கிறது.

போன சனிக்கிழமை ஒரு தம்பி இதைச் சரிசெய்ய நினைத்து, அந்த நெடுவரிசை முழுவதையும் மாதம்-நாள் என்று மாற்றிவிட்டார். 05-10 என்று அச்சாகி, பத்தாம் மாடிப் பாட்டியின் பை ஐந்தாம் மாடியில் யாரோ ஒருவர் வீட்டு இரும்புக் கதவில் தொங்கியது. பாட்டி மாலைவரை கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாராம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

கலத்தை 'டெக்ஸ்ட்' ஆக்கிப் பார்த்தேன், 45787 என்று வருகிறது. இது என்ன எண்? இதை நிறுத்த வழி உண்டா?

ஏட்டுக்கணக்கு:
அக்கா, எக்செல் தேதியை உள்ளே வெறும் எண்ணாகத்தான் வைத்திருக்கும். 1900 ஜனவரி 1க்கு எண் 1. எக்செல் கணக்கில் அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 2025 மே 10க்கு 45787. நீங்கள் கொடுத்த 10-05 இப்போது அந்தக் கலத்தில் இல்லவே இல்லை. அதனால்தான் பிறகு டெக்ஸ்ட் ஆக்கியும் திரும்பவில்லை, முன்பே ஆக்கவேண்டும்.

கோப்பை நேராகத் திறக்காதீர்கள். காலியான எக்செலில் 'டேட்டா' போய், 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் காட்டுங்கள். வரும் பெட்டியில் 'டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'லோட்' அழுத்துங்கள். கையால் தட்டுவதாக இருந்தால், நம் வீட்டுக் கதவில் இருப்பதுபோல #10-05 என்றே எழுதுங்கள். முன்னால் # இருந்தால் எக்செல் தொடாது.

நிழல்மரம்:
மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா போய் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்' பகுதியில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 2023ல் வந்த வசதி. அதோடு தொல்லை விட்டது.

ஏட்டுக்கணக்கு:
பாதிதான் விடும். அஞ்சல் குறியீட்டின் சுழியத்தை அது காப்பாற்றும். தேதிக்கான தேர்வு, எழுத்தும் எண்ணும் ஒட்டி வருவதற்கு மட்டும். மார்ச்1 என்ற மரபணுவைக்கூட எக்செல் தேதியாக்கிக்கொண்டிருந்தது, 2020ல் அதன் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டார்கள். அந்த மாதிரிக்கு இது உதவும். நடுவில் கோடு போட்ட 10-05 அப்போதும் தேதியாகும்.

மல்லிகைக்கொடி:
நன்றி தம்பி, புதிய கோப்பு ஒழுங்காக வந்துவிட்டது. பழைய பட்டியலைத்தான் என்ன செய்வது? மாறியதை அப்படியே சேமித்துவிட்டோம். அதில் 10-205 மாறவில்லை, 11-45 மட்டும் நவம்பர்-45 ஆகியிருந்தது. ஏன்?

ஏட்டுக்கணக்கு:
10-205ஐ எப்படிப் பார்த்தாலும் தேதியாகாது, தப்பித்தது. 11-45ல் 45ஆம் மாதம் கிடையாது என்பதால் மாதம்-ஆண்டு என்று எடுத்துக்கொண்டது.

அஞ்சல் குறியீடு சுலபம், வடிவமைப்பில் 'கஸ்டம்' போய் 000000 என்று கொடுத்தால் சுழியம் கண்ணுக்குத் தெரியும். யூனிட் எண்ணைத் தயவுசெய்து ஊகித்துத் திருத்தாதீர்கள். பதினோராம் மாடி 11-25ஐத் தட்டினால் 2025 நவம்பர் ஆகும். முதல் மாடி 01-11ஐ 2025ல் தட்டியிருந்தால் அந்த ஆண்டின் நவம்பர் 1. உள்ளே இரண்டுமே 45962தான். ஒன்று நவம்பர்-25 என்றும் மற்றது 1-நவம்பர் என்றும் தெரிவது மட்டுமே வித்தியாசம். நெடுவரிசை முழுவதற்கும் வடிவமைப்பை மாற்றியபோது அதுவும் போய்விட்டது. இனி எந்தச் சூத்திரமும் அந்த இரண்டு வீடுகளைப் பிரித்துச் சொல்லாது.

படிவத் தளத்தில் மூலப் பதில்கள் இருக்கும். அங்கிருந்து மறுபடி இறக்குங்கள், மேலே சொன்ன வழியில் மட்டும் திறங்கள்.

மல்லிகைக்கொடி:
இருந்தன தம்பி! இறக்கி ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுவிட்டேன். காகிதப் படிவம் கொடுத்த மூன்று பேரை மட்டும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். புதிய பட்டியலில் எல்லா யூனிட்டுக்கும் # போட்டாயிற்று. பாட்டி வீட்டுக்கு இன்று மாலை நானே பையோடு போகிறேன்.