எழும்பூர் நிலையம்: முகப்பு மட்டும் மிஞ்சினால் போதுமா?

செங்கல்நேசன்: சுமார் 735 கோடி ரூபாய் செலவிலான எழும்பூர் மறுசீரமைப்பில் பழைய கட்டடம் இடிக்கப்படாது என்பதால் பலரும் நிம்மதி அடைகிறார்கள்; எனக்கு அந்த நிம்மதி இல்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்து, ஒப்பந்ததாரர் சாமிநாதப் பிள்ளை கட்டி, 1908இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் சிறப்பு சிவப்புச் சுவரும் கும்மட்டங்களும் மட்டுமல்ல. தெற்கே காந்தி இர்வின் சாலையில் இறங்கியவர் மண்டபத்தைக் கடந்து, ஒரு படிக்கட்டும் ஏறாமல் முதன்மை நடைமேடையை அடைந்துவிடலாம். தண்டவாளங்களுக்கு மேலே பெருந்தளம் எழுப்பி, பயணிகளை அங்கே ஏற்றி இறக்கும்போது, மண்டபம் செல்ஃபி எடுக்கும் இடமாகச் சுருங்கிவிடும்.

வடக்கு வாசல்: அந்த வசதி யாருக்குக் கிடைத்தது, ஐயா? அந்தக் காலத்தில் அங்கே நடைமேடை வரை கார் போகும் ஏற்பாடும் இருந்தது, அது கார் வைத்திருந்தவர்களுக்கானது; மற்ற நடைமேடைகளுக்குப் போனவர்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடைமேம்பாலம் ஏறினார்கள். எழும்பூர் மாறாமல் இருந்த காலமும் இல்லை. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது, மீட்டர் கேஜ் அகலப்பாதையானது, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொரு வாசல் திறந்தது, 2018இல் மெட்ரோவும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் தெற்கு வாசலை மட்டுமே நிலையம் என்று கருதுவது, வடக்கிலிருந்து வருபவர்களைப் பயணிகளாகவே எண்ணாததற்குச் சமம்.

கோட்டப் பொறியாளர் (ஓய்வு): இருவரும் சென்ட்ரலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1873இல் எழுந்த கட்டடத்தின் மண்டபம் இன்றும் உண்மையாகவே பயன்படுகிறது. தண்டவாளங்கள் அங்கேயே முடிந்துவிடுவதால், பயணி படி ஏறாமல் எந்த நடைமேடைக்கும் திரும்பிவிடலாம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பின் அந்த இடத்தில் புறநகர் நிலையம் வந்தபோதும் இந்த ஒழுங்கு குலையவில்லை. எழும்பூரிலோ ரயில் ஊடுருவிச் செல்கிறது. மேலேயோ கீழேயோ தண்டவாளத்தைக் கடந்தே தீர வேண்டும். அழகுணர்ச்சியால் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது.

செங்கல்நேசன்: கடக்கும் தேவையை மறுக்கவில்லை. ஆனால் கடக்க வேண்டியவர்களுக்காகக் கடக்கத் தேவையில்லாதவர்களையும் மேலே அனுப்புவானேன்? முன்பதிவில்லா டிக்கெட் கவுன்ட்டரும் காத்திருப்பு அறையும் பழைய மண்டபத்தை ஒட்டியே தொடர்ந்தால், பாதிக் கூட்டம் அந்த வழியாகவே போகும். அருகில் எழும் அடுக்குக் கட்டடம் கும்மட்டங்களை மறைக்கும் உயரத்தில் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

வடக்கு வாசல்: கவுன்ட்டர் விஷயத்தில் உடன்படுகிறேன், உயரத்தில் இல்லை. இடம் குறுகிய நகர் நடுவே மாடி எழுப்பாவிட்டால், வண்டி நிறுத்தமும் பார்சலும் மறுபடி சாலைக்கே வந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய இரவில் அந்தச் சாலையைக் கடக்க முயன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.