9 மாதமாகியும் கால் எலும்பு கூடவில்லை: மேக்னட் மெஷினா, இடுப்பு எலும்பா?

லேத்துக்காரன்_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போன மார்ச்சில் வண்டியில் போகும்போது டெம்போ ஒன்று உரசி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே காயத்தைக் கழுவி, உள்ளே ராடு போட்டார்கள். இப்போது டிசம்பர். வாக்கரில் தொடங்கி ஒற்றைக் குச்சி வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் நகரவில்லை. காலை ஊன்றினால் உடைந்த இடத்தில் சுருக்கென்கிறது.

கடைசி மூன்று எக்ஸ்ரேயையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே படத்தை மூன்று முறை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கிறது. கீழே ஸ்க்ரூ ஒன்று முறிந்திருக்கிறது. டாக்டர் “நான்யூனியன்”, அதாவது எலும்பு கூடாமலே நின்றுவிட்டது என்கிறார். ராடை மாற்றி, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டுமாம்.

இதற்குள் ஒரு பிசியோதெரபி சென்டரில் மேக்னட் மெஷின் இருக்கிறது, 20 சிட்டிங், ஒவ்வொன்றும் 20 நிமிஷம், 500 ரூபாய், கத்தியே படாமல் கூடிவிடும் என்றார்கள். இன்னொரு நண்பர், இடுப்பைத் தொடவே வேண்டாம், எலும்புப் பவுடர் பாக்கெட்டில் வருகிறது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சிகரெட் ஒரு நாளைக்கு ஆறேழு உண்டு, மறைக்கவில்லை.

செல்வம்_72:

தம்பி, எங்கள் பெரியப்பாவுக்குக் கை உடைந்தபோது புத்தூர் போய்க் கட்டுப் போட்டோம். நாற்பது நாளில் தேங்காய் உரித்தார். ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்.

சர்வீஸ்_மணி:

செல்வம் ஐயா, தோல் கிழியாத கை முறிவும், உள்ளே ராடு இருக்க ஸ்க்ரூ முறிந்த காலும் ஒன்றல்ல. இந்தக் காலை இழுத்துக் கட்ட யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

லேத்து அண்ணே, ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு சர்வீஸ் பார்ப்பது என் பிழைப்பு. அதோடு 2012-ல் உங்களுக்கு உடைந்த அதே எலும்பு எனக்கும் உடைந்தது. அந்த மேக்னட் மெஷினின் காயிலும் கட்டினேன், இடுப்பு எலும்பும் வைத்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேக்னட் சமாச்சாரம் முழுப் பொய் இல்லை. 1957-ல் ஜப்பானில் ஃபுகாடாவும் யசுடாவும், எலும்பை அழுத்தினால் அதில் சின்னதாக மின்னழுத்தம் பிறக்கிறது என்று அளந்து காட்டினார்கள். அப்படியானால் கூடாத எலும்புக்கு நாமே மின்சாரம் கொடுத்தால் என்ன என்று பலர் கிளம்பினார்கள். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்து எலும்பு டாக்டர் ஆண்ட்ரூ பேசட் கம்பி எதையும் உள்ளே செருகாமல் அதைச் செய்ய வழி கண்டார். காலின் இரண்டு பக்கமும் செம்புக் காயில், அதில் விட்டு விட்டுத் துடிக்கும் மின்சாரம். டைனமோ தத்துவம்தான்: காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்சாரம் ஓடும். இங்கே கடத்தி நம் கால். 1979-ல், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. நான்யூனியனுக்கு இதை அனுமதித்தது. கடையில் விற்கும் காந்தக் காப்பு, காந்த மெத்தை எல்லாம் மாறாத காந்தம். பேசட்டின் காயிலுக்கும் அவற்றுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

அடுத்தது நேரம். பேசட்டின் நோயாளிகள் தினம் 10 மணி நேரம் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். 1991-ல் வந்த கார்லண்ட் குழுவின் ஆய்வில், தினசரி சராசரி 3 மணி நேரத்துக்கு மேல் கட்டியவர்களில் 80 சதவீதம் பேருக்கு எலும்பு கூடியது. அதற்குக் குறைவாகக் கட்டியவர்களில் 36 சதவீதம்தான். (ஒழுங்காகக் கட்டுகிறவர் சிகரெட்டையும் ஒழுங்காக நிறுத்தியிருப்பார், அதனால் முழுப் பெருமையையும் காயிலுக்குக் கொடுக்க நான் தயாரில்லை.) இப்போது உங்கள் 20 சிட்டிங்கைக் கூட்டுங்கள். மொத்தம் 6 மணி 40 நிமிஷம். பேசட்டின் நோயாளி முதல் நாளிலேயே அதைத் தாண்டியிருப்பார். 10,000 ரூபாய் பத்திரம்.

என் கதைக்கு வருகிறேன். நான் வாடகைக்கு எடுத்தது சார்ஜ் ஏற்றிக் கட்டும் வகை. 2012 தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். கரண்ட் வந்தால் முதலில் மோட்டார் போடுவதா, மிக்ஸி போடுவதா, என் காயிலுக்கு சார்ஜ் போடுவதா என்று வீட்டில் தினம் பஞ்சாயத்து. மூன்றாவது இடம்தான் எனக்கு. நாலு மாதம் கழித்து மெஷினுக்குள் இருக்கும் மணிக்கணக்கைப் பார்த்தால் சராசரி 2 மணி 10 நிமிஷம். சர்வீஸ் பார்க்கிறவனே ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை.

ஆனால் என் கால் கூடாததற்கு அது மட்டும் காரணம் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. உடைந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். அவ்வளவு சந்து இருந்தாலோ, முனைகள் ஆடி ஆடி நடுவே திரவம் நிறைந்த பொய் மூட்டு உண்டாகியிருந்தாலோ வெறும் காயில் உதவாது என்று பேசட்டே ஒதுக்கிவைத்தார். உங்களுக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடும். வெல்டிங் செட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இரண்டு பட்டைக்கு நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் ஃபில்லர் ராடு இல்லாமல் நிரப்ப முடியுமா? ஜாப் ஆடிக்கொண்டிருந்தால் முதலில் கிளாம்ப் பண்ண வேண்டாமா? முறிந்த ஸ்க்ரூ சொல்வது அதைத்தான்.

அந்த ஃபில்லர்தான் கிராஃப்ட், அதாவது சந்தில் எடுத்து வைக்கும் எலும்பு. இடுப்பு எலும்பில் உயிருள்ள செல் இருக்கிறது, புது எலும்பு வளரச் சொல்லும் புரதம் இருக்கிறது, கட்டடத்துக்குக் கட்டுவது போல, அது ஏறி வளர்வதற்குச் சாரமும் இருக்கிறது. பாக்கெட் பவுடர் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், அதாவது வெறும் சாரம். கொத்தனார் யாரும் உள்ளே இல்லை. இந்த ஆசை பழையது. மாவுக்கட்டு போடும் அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை 1892-லேயே எலும்புக் குழிக்குள் அடைத்துப் பார்த்திருக்கிறார் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர். பழுதில்லாத எலும்புக்கு நடுவே உள்ள குழியை நிரப்பப் பவுடர் நல்ல சரக்கு. ஒன்பது மாதமாகத் தூங்கும் முறிவுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. இடுப்பு எலும்போடு கலந்து அளவைக் கூட்டுவார்கள், அது வேறு.

எனக்கு இடுப்பில் எடுத்து வைத்து, பிளேட் போட்டார்கள். அப்புறமும் காயிலைக் கட்டினேன், இந்த முறை ராத்திரி முழுக்க. ஐந்தாவது மாதம் கூடிவிட்டது. காயிலாலா, கிராஃப்டாலா, பிளேட்டாலா என்று கேட்காதீர்கள், தெரிந்துகொள்ள எனக்கு இன்னொரு கால் உடைய வேண்டும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். கால்வலியைவிட இடுப்பு வலிதான் அதிகம் படுத்தியது. மூன்று மாதம் பெல்ட் போட முடியவில்லை. லுங்கிதான்.

எலும்பு_பி.ஜி.:

நான் ஆர்த்தோ பி.ஜி. மாணவி. மணி அண்ணா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். பேசட் 1982-ல் கிராஃப்ட்டையும் காயிலையும் சேர்த்து 83 பேரின் முடிவை வெளியிட்டார். முதலிலேயே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 87 சதவீதம், வெறும் காயிலில் தோற்று அப்புறம் கிராஃப்ட் வைத்தவர்களில் 93 சதவீதம் கூடியதாகச் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. கிராஃப்ட் மட்டும் வைத்திருந்தால் எத்தனை பேருக்குக் கூடியிருக்கும்?

1984-ல் இங்கிலாந்தில் 16 பேரில் சிலருக்கு ஓடும் காயில், சிலருக்கு ஓடாத டம்மி காயில் கட்டினார்கள், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஓடிய காயிலில் 9 பேரில் 5 பேருக்குக் கூடியது, டம்மியில் 7 பேரில் 5 பேருக்கு! இரண்டு குழுவுக்கும் மாவுக்கட்டும் ஓய்வும் ஒன்றுதான். 1990-ல் 45 பேரை வைத்து நடந்த ஆய்வில் காயிலுக்குச் சாதகமாக வந்தது. 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தேடியபோது தேறியவை நான்குதான், மொத்தம் 125 பேர். இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். ஆகவே காயில் துணைக்கு வரட்டும், ஆபரேஷனுக்குப் பதிலாக வேண்டாம்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களுடையது தோல் கிழிந்த முறிவு. உள்ளே கிருமி பதுங்கியிருந்தால் இடுப்பு எலும்பை வைத்தாலும் கரைந்துபோகும். உள்ளே அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள், இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்தார்களா? சீழ் கசிவு எப்போதாவது இருந்ததா? கிருமி இருந்தால் முதலில் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் கட்டியை வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதைச் சுற்றி உண்டாகும் சவ்வுக்குள் கிராஃப்ட் வைப்பதும் உண்டு. பிரான்ஸின் மாஸ்கலே கொண்டுவந்த முறை.

கிருமி இல்லாமல், முனைகள் ஓரளவு தொட்டுக்கொண்டிருந்தால், உள்குழியைக் கடைந்து பெரிய ராடு மாற்றுவது மட்டுமே சில சமயம் போதும். கடையும்போது வரும் எலும்புத் தூளே அங்கே கிராஃப்ட் ஆகிவிடும். உங்கள் டாக்டரிடம் இதையும் கேளுங்கள். சர்க்கரை, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். அதை வைத்துக்கொண்டு எந்த கிராஃப்ட் நல்லது என்று பேசுவது வீண்.

லேத்துக்காரன்_கோவை:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ரே ஃபிலிமில் வெர்னியர் வைத்து அளந்தேன். முன்பக்கம் 7 மி.மீ., பின்பக்கம் ஒரு ஓரம் தொடுவது போல இருக்கிறது. ஜூலையில் பத்து நாள் நீர் கசிந்தது, மாத்திரையில் நின்றது. அதை டாக்டரிடம் சொல்லவில்லை, பெரிதாக நினைக்கவில்லை.

எலும்பு_பி.ஜி.:

வெர்னியர் வைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்! எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், சி.டி. எடுத்தால் சரியான அளவு தெரியும். ஆனால் ஜூலைக் கசிவுதான் முக்கியம். நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்_கோவை:

போய்ச் சொன்னேன். டாக்டர் திட்டினார், நியாயம்தான். சி.ஆர்.பி. 19 வந்திருக்கிறது, அதிகம்தான். ராடை எடுத்து உள்ளே சுத்தம் செய்து, என்ன கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பி, சிமென்ட் வைத்து, அப்புறம்தான் இடுப்பு எலும்பாம். பெரிய ராடு மட்டும் போதுமா என்று கேட்டதற்கு, கிருமி இல்லை என்று தெரிந்தால் யோசித்திருக்கலாம் என்றார். காயிலைப் பற்றி இரண்டாவது ஆபரேஷன் முடிந்து பேசலாமாம். மேக்னட் சென்டருக்குக் கொடுத்த 500 அட்வான்ஸ் திரும்பி வராது போலிருக்கிறது. வியாழக்கிழமை அட்மிட் ஆகிறேன். நாலு லுங்கி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். சிகரெட் விட்டு இன்றோடு ஆறு நாள், மணி அண்ணே, உங்கள் மெஷின் மாதிரி இதற்கும் யாராவது மீட்டர் வைத்தால் தேவலை.