கரி டிராக்கில் முதல் ரேஸ்: ஓட்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் என் முதல் ரேஸ். வண்டி கேடிஎம் ஆர்சி 390 பைக். நான் பழகியதெல்லாம் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். அது 3.7 கிலோமீட்டர், நேர்பாதையில் மூச்சு விடலாம். கரி சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வீடியோவில் பார்த்தால் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது.

பெரிய குழப்பம் ஸ்ப்ராக்கெட்தான், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். பின்பக்கம் இரண்டு பல் கூட்டினால் வளைவிலிருந்து இழுப்பு நன்றாக இருக்கும், சரி. ஆனால் நேர்பாதை முடிவதற்குள் ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் அதற்கு மேல் சுற்றாத வரம்பில்) முட்டுமோ? அங்கே 390 ஓட்டியவர்கள் என்ன வைத்தீர்கள்? முதல் வளைவுக்கு பிரேக் பிடிக்க எதை அடையாளம் வைப்பது? டயர் சூடான பிறகு காற்று எவ்வளவு?

எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு) லைசென்ஸ் வந்துவிட்டது. ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கட்டியாச்சு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். டிராக்கில் கூலன்ட் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான்.

அப்புறம், வடசென்னையிலிருந்து யாராவது வண்டி ஏற்றிப் போகிறீர்களா? வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். காசிமேட்டில் ஒரு மினி லாரி பேசி வைத்திருக்கிறேன், மீன் வாசனை இலவசம்.